களத்தில் போட்ட வீடு

தூளியில் கிடக்கிற பிள்ளை தூங்குவதற்குள், அந்தத் தூளி தொங்குகிற வீட்டை இடிப்பதா வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்யச் சொன்னால் உங்களால் ஆகுமா? மேகலாவை அப்படித்தான் உட்கார வைத்திருக்கிறார்கள். உள்வீட்டுத் தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, தூளிக் கயிற்றின் நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, மடியில் முறத்தை வைத்துக் கொத்தவரங்காய் கிள்ளுகிறாள். அடுப்பில் கொள்ளு வேகிறது. குக்கர் எத்தனை விசில் அடித்தது என்பது நடுவில் போன் வந்ததில் விட்டுப்போயிற்று. போனில் அவளைக் கட்டின வீட்டுக்காரர். தண்டபாணி, டவுனில் சொட்டுநீர்க் குழாய்க் கடை வைத்திருக்கிறவர். கோயில் வீதியில் சாக்கடைக்குக் குழி எடுக்கிற ஜேசிபிக்காரர் மத்தியானம் சாப்பிட ஒதுங்குகிற நேரத்தில் நம் வீட்டை ஒரு பார்வை பார்த்து நாள் குறித்துக்கொண்டு போகிறேன் என்கிறாராம். இன்றைக்கு விட்டால் வண்டி தாராபுரம் பக்கம் போய்விடும், பிறகு ஐப்பசி மழை முடிந்துதான். வரச் சொல்வதா, வேண்டாம் என்பதா, நீ சொல்வதுதான் என்று வைத்துவிட்டார். நீ சொல்வதுதான். கல்யாணமான நாளிலிருந்து சட்டைத் துணி எடுக்கிறபோதுகூட அவளுக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை. போயும் போயும் ஒரு வீட்டைத் தூக்கிக் கையில் கொடுத்திருக்கிறார்கள். அவளும் தக்காளி வாங்கி வரச் சொல்கிற மாதிரி செரிங்க, பாப்பா தூங்கட்டும், சொல்றேனுங்க என்று சொல்லிவிட்டாள். பாப்பாவோ தூளியின் இடுக்கு வழியாக ஒரு கண்ணை மட்டும் வெளியே விட்டு அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தூங்குகிற கண்ணா அது.

இழுத்தால் விட்டத்தில் கிர்ரக் என்கிறது, விட்டால் கிர்ரக் என்கிறது. விட்டம் நல்ல விட்டம்தான். தூளி கட்டுவதற்கு முன்னால் அவளே அம்மிக் குழவியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தாள், அசையவில்லை. விட்டம் சொன்ன பேச்சைக் கேட்கும். அதற்கு மேலே இருப்பவைதான் யார் பேச்சையும் கேட்காதவை. ஓட்டைத் தாங்குகிற பனங்கையில் பாதி கரையான் தின்றது போக மீதி ஏதோ பழக்கத்துக்காக நின்றுகொண்டிருக்கிறது. ஓடு மாற்றி ஓடு வைத்து, சந்தில் தகரம் செருகி, தகரத்துக்கு மேல் உரச்சாக்கு விரித்து, சாக்குப் பறக்காமல் இருக்க அதன்மேல் கல்லும் வைத்தாயிற்று. கூரைமேல் கல்லை வைத்துவிட்டு அதன் அடியில் சோறு தின்கிற குடும்பம் உலகத்தில் நம்முடையது ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறாள், சிரிப்பு வருகிறது, சிரிப்போடு கூடவே அந்த மயிலும் வருகிறது. இந்தப் பக்கம் மயிலுக்கா பஞ்சம். தென்னந்தோப்பில் நின்று கத்துவது போதாதென்று கூரையில் ஏறி நடக்கும். போன மாசம் அப்படித்தான் நல்ல வெயிலில் ஒன்று தோகையும் தானுமாகத் தொப்பென்று வந்து இறங்கியது. ஒரு ஓட்டுத்துண்டு நேராக உள்ளே வந்து, பாப்பா விளையாடிக்கொண்டிருந்த தகரச் சம்படத்தின்மேல் விழுந்தது. சம்படம் நசுங்கிவிட்டது. பாப்பா அதற்கு ஒரு கையகலம் தள்ளி உட்கார்ந்து கை தட்டியது. முருகனுடைய வாகனமாயிற்றே என்று அதைத் திட்டவும் முடியாமல், மேலே அண்ணாந்து போய்ட்டு வாங்க சாமி என்று சொன்னாள் மேகலா. சொல்லிவிட்டுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். அந்தக் கையகலம். கொத்தவரங்காயைக் கிள்ளிய விரலை விரித்து முறத்தின்மேல் வைத்துப் பார்க்கிறாள். இவ்வளவுதான். இதற்கு மேல் என்ன யோசனை, இடி என்று சொல்லிவிட வேண்டியதுதானே. போன் இதோ கைக்கெட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. இழு, விடு. கிர்ரக்.

இடிக்கிறது என்ற சொல்லை நினைத்தால் அவளுக்கு ஜேசிபி வருவதில்லை, அவள் பிறந்த வீட்டுச் சுவர்தான் வருகிறது. அதை யாரும் இடிக்கவில்லை. அது தானே உட்கார்ந்தது. ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஒரு வாரம் விடாத மழை. விடிகிற நேரத்தில் ஏதோ பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், வடக்குச் சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் மழை தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டியிருந்த வெள்ளாடு போயிற்று, இந்தப் பக்கம் படுத்திருந்த அப்பாவும் அம்மாவும் அவளும் தப்பித்தார்கள். அப்பா ஆட்டைப் பார்த்து அழுதார், அம்மா அப்பாவைப் பார்த்து அழுதாள், மேகலா பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள். அன்றைக்குச் சத்துணவில் முட்டை போடுகிற நாள். டீச்சர் என்ன புள்ள பாவாடையெல்லாம் சேறு என்று கேட்டதற்கு, சுவர் விழுந்துடுச்சுங்க டீச்சர் என்று மட்டும் சொல்லிவிட்டு, முட்டையைச் சிந்தாமல் தின்றாள். இப்போதும் அதை எல்லோரிடமும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். ஆனால் சுவர் விழுவதற்கு முந்தின பெருமூச்சு இருக்கிறதே, அதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. மழைக்காலத்தில் இந்த வீட்டுச் சுவரில் கை வைத்துப் பார்ப்பாள். ஓதம் ஏறி, முழங்கால் உயரத்துக்குச் சுண்ணாம்பு பொருபொருவென்று நிற்கும். தென்னங்குச்சியை வைத்துக் குத்தினால் அதுபாட்டுக்கு உள்ளே போகும். மாமனார் காலத்தில் வைத்த மண் சுவர். அவர் போய்விட்டார், சுவர் நிற்கிறது. எத்தனை நாளைக்கு நிற்கும் என்று அதனிடம் கேட்கிற மாதிரிதான் கை வைப்பாள். அது பெருமூச்சு விடாமல் இருந்தால் சரி என்று கையை எடுத்துக்கொள்வாள். வருகிற ஐப்பசிக்கும் இப்படிக் கை வைத்துக்கொண்டு இருக்க முடியுமா. பாப்பா அப்போது நடக்க ஆரம்பித்திருக்கும். சுவரைப் பிடித்துப் பிடித்துத்தானே பிள்ளைகள் நடக்கும்.

ஆசாரத்தில் தையல் மிஷின் ஓடுகிறது. ஆசாரம் என்பது வாசலை ஒட்டி முன்னால் இருக்கிற நீளக் கூடம். அங்கே தெருப் பக்கத்து ஜன்னலடியில் நங்கையாவின் மிஷின் கிடக்கிறது. வீட்டுக்காரருடைய அக்காவை இந்தப் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவது. பெயர் வசந்தாமணி. மேகலா அந்தப் பெயரைச் சொன்னதே கிடையாது. கட்டிக்கொடுத்த இடத்தில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, இடது கையால் பரிமாறினாள் என்பதில் ஆரம்பித்து எதிலெதிலோ முடிந்த சண்டைக்குப் பிறகு, இந்த ஜன்னலடிக்கு வந்து உட்கார்ந்தவர். இடது கையால்தான் கத்தரி பிடிப்பார். ஊரிலுள்ள பாதி ஜாக்கெட்டுகள் அந்த இடது கையால் வெட்டியவை. வீட்டை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிற்பவர் இவர்தான். ஓட்டைப் பிரித்து, பனங்கையை மாற்றி, சுவருக்கு அடியில் கான்கிரீட் கட்டு ஒன்று போட்டால் இன்னும் ஒரு தலைமுறைக்கு அசையாது என்று கொத்தனார் ஒருவர் சொல்லியிருக்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது, பொறுமையாகச் செய்தால் ஆகும் என்றுதான் சொன்னார். பொறுமையாக என்றால் எத்தனை மாசம் என்று கேட்டதற்குக் கூரையைப் பார்த்தார், அவ்வளவுதான். ஆனால் நல்ல வீட்டை எதுக்கு இடிக்கோணும் என்கிற பேச்சுக்கு அந்தக் கொத்தனார் ஒருவர் போதும் நங்கையாவுக்கு. தண்டபாணிக்கு ஓட்டு வீடு என்றாலே ஆகாது. கீழத் தோட்டத்தை விற்ற பணம் கையில் இருக்கிறபோதே வேலையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று குதிக்கிறார். இரண்டு பேரும் நேராகப் பேசிக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்? பேச மாட்டார்கள். சாப்பிடும்போது அக்கா ரசத்தைப் பார்த்துச் சொல்வார், தம்பி மோரைப் பார்த்துச் சொல்வார். எங்கக்காகிட்டச் சொல்லு மேகலா, உங்க வீட்டுக்காரங்ககிட்டச் சொல்லு மேகலா. பரிமாறுகிறவள் அவள் என்பதால் சண்டையையும் அவள்தான் பரிமாற வேண்டியிருந்தது.

அதனால்தான் பூவாக்குக் கேட்கப் போனார்கள். அதை நினைத்தால் மறுபடி சிரிப்பு, முறம் குலுங்குகிறது, பாப்பாவின் ஒற்றைக் கண் இன்னும் அகலமாகத் திறக்கிறது. இல்லை சாமி, அம்மா சிரிக்கல, நீ தூங்கு. மாகாளியம்மன் கோயிலில் பூசாரி வெள்ளைப் பூவை ஒரு இலையிலும் செவ்வரளியை ஒரு இலையிலும் சுருட்டி, எது எதென்று தெரியாமல் அம்மன் காலடியில் உருட்டிவிடுவார். கேட்க வேண்டியதை மனசுக்குள் நினைத்துக்கொள்ள வேண்டும், வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சிறு பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆகும், சிவப்பு வந்தால் ஆகாது. நம் வீட்டுப் பிள்ளையே எடுக்கட்டும் என்று பாப்பாவை இறக்கிவிட்டார்கள். அது தவழ்ந்துபோய் ஒன்றை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. பூசாரி அதன் வாயிலிருந்து பிடுங்கி, எச்சிலும் கையுமாகப் பிரித்தார். வெள்ளை. தண்டபாணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். நங்கையா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு பேர் முகத்திலும் வெளிச்சம். அப்பாடா, தீர்ந்தது, இரண்டு பேரும் ஒரு வழிக்கு வந்துவிட்டார்கள் என்று மேகலாவுக்கும் நெஞ்சு நிறைந்துபோயிற்று. வரும் வழியில் பேக்கரியில் நிறுத்தி டீயும் தேங்காய் பன்னும் வாங்கிக் கொடுத்தார் தண்டபாணி. அக்காவுக்கு இரண்டு பன். அந்த இரண்டாவது பன்னைப் பிட்டுக்கொண்டே நங்கையா, அப்ப நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லிரு தம்பி என்றார். எதுக்குக்கா கொத்தனார், ஜேசிபி போதும் என்றார் இவர். பேக்கரியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று. இடிக்கலாமா என்று கேட்டிருக்கிறார் இவர், வெள்ளை. வீட்டை வைத்துக்கொள்ளச் சொல்லி அம்மனே சொல்லிவிட்டது என்கிறார் அவர், அதே வெள்ளை. எந்தக் கேள்விக்குப் பூ என்று கேட்காமலே மூன்று பேரும் போய் நின்றிருக்கிறார்கள். திரும்பப் போய்க் கேட்டால், ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான், அம்மன் என்ன உங்களுக்குக் கடை வைத்திருக்கிறதா, அடுத்த திருவிழாவுக்கு நோன்பு சாட்டின பிறகு வாங்க என்று பூசாரி பொட்டலத்தைக் கட்டி வைத்துவிட்டார். எதிலும் ஒத்துப்போகாத அக்காவும் தம்பியும் அப்போதுதான் ஒன்றில் ஒத்துப்போனார்கள். மேகலா சொல்லட்டும் என்றார்கள். அடுப்படியில் நிற்கிறவள் அவள்தானே, பிள்ளையை வைத்திருக்கிறவள் அவள்தானே, அவள் சொன்னால் சரி.

இதில் ஒரு விஷயத்தை அவள் இரண்டு பேரிடமும் சொல்லவில்லை. பூசாரி மனசுல நெனச்சுக்கங்க என்று சொன்னபோது அவளும் ஒன்று நினைத்துக்கொண்டாள். தாயே, நான் ஒன்று சொன்னால் இந்த இரண்டு பேரும் கேட்பார்களா? அதைத்தான் கேட்டாள். வெள்ளை வந்துவிட்டது. கேட்பார்கள் என்று அம்மன் சொல்லிவிட்டது, கேட்கிறோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். என்ன சொல்வது என்பதை மட்டும் சேர்த்துக் கேட்காமல் விட்டாள். பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு விடை சரியாக வந்து வழி போடாமல் முட்டை வாங்கின மாதிரி. முட்டை என்றதும் குக்கர் ஞாபகம் வருகிறது, இல்லை, குக்கர்தான் அடிக்கிறது. கொள்ளு குழைந்தால் குழையட்டும், கடைவதற்குச் சுலபம். எழுந்தால் தூளி நின்றுவிடும். தூளி நின்றால் பாப்பா எழுந்துவிடும். கோயில் வீதியிலிருந்து ஜேசிபி பின்னால் போகிற சத்தம் கீங் கீங் என்று வருகிறது. முன்னால் போகும்போது சத்தம் போடாத வண்டி பின்னால் போகும்போது மட்டும் ஊருக்கே சொல்கிறது. மனுஷருக்கும் அப்படி ஒன்று இருந்தால் தேவலை. இடி என்று சொல்லி, நங்கையா முகம் சுருங்கினால் பின்னால் வந்துவிடலாம். வேண்டாம் என்று சொல்லி, ஐப்பசியில் சுவர் பெருமூச்சு விட்டால் பின்னால் வந்துவிடலாம். எங்கே வருவது. சொன்னவள் தலையில்தான் விழும். ஓடு விழுந்தால் மேகலாதான் வைத்துக்கொள்ளச் சொன்னாள் என்பார் இவர். புது வீட்டில் வெக்கை என்றாலும் மேகலாதான். அட, வெக்கையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு ஃபேன் கூட மாட்டினால் ஆயிற்று. நங்கையா ஒன்றும் சொல்ல மாட்டாரே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது. பிரசவத்துக்குப் பிறகு அவள் அம்மா ஒரு வாரத்தில் தோட்ட வேலைக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. அப்புறம் வெந்நீர் காய வைத்ததும் பூண்டு வதக்கியதும் இந்த மனுஷிதான். வெட்டின துணி மிச்சத்திலெல்லாம் பாப்பாவுக்குச் சட்டை. ஊர்ப் பெண்களின் ஜாக்கெட் கலரெல்லாம் பாப்பா உடம்பில் இருக்கும். எனக்கு இது வேண்டும் என்று அந்த வாயிலிருந்து ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட வந்து கேட்டதில்லை. நல்ல வீட்டை எதுக்கு இடிக்கோணும் என்பது ஒன்றுதான் அவர் கேட்டது. அதையும் இடி என்று சொல்லி மறுப்பதா. இழு, விடு.

மிஷின் நின்றுவிட்டது. ஊசிக்கு நூல் கோக்கிறார்போல. கண் தெரிவதில்லை இப்போதெல்லாம், ஜன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்துக்கு ஊசியைத் தூக்கிப் பிடிப்பார். அந்த ஜன்னல் இருக்கிறதே, அது மட்டும் இந்த வீட்டில் உருப்படியான ஜன்னல். பொழுதெல்லாம் வெளிச்சம், தெருவில் போகிறவர்கள் அப்படியே நின்று அளவு ஜாக்கெட்டை நீட்டுவார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டியது கிடையாது. இந்தக் காதில் மிஷின் சத்தம் நின்றால் அந்தக் காதில் நேற்றுச் சாயங்காலம் கேட்டது வந்துவிடுகிறது, என்ன செய்தாலும் அதுவே வருகிறது. ஓ. அவ்வளவுதான் சத்தம். நங்கையா சொன்ன ஓ. புது வீட்டுக்கு என்ஜினியர் போட்ட படத்தைத் தண்டபாணி போனில் காட்டினாரே, அதில் அடுப்படி எத்தனை பெரிது என்று மேகலாவுக்குப் பிடிபடவில்லை. போனில் எல்லாமே விரல் அளவுதானே. கோலப் பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, முன்னால் இருக்கிற களத்தில் போய் அடி வைத்து அடி வைத்து நிஜ அளவிலேயே கோடு போட்டுவிட்டாள். களம் பங்காளிகளுக்கும் பொது, அதில் வீடு கட்ட முடியாது, கோடு போட்டால் யார் கேட்கப்போகிறார்கள். இது ஹால். இது அடுப்படி, உள்ளே நின்று கை வீசிப் பார்த்தாள், கை இடிக்கவில்லை, சந்தோஷம். இது எங்கள் ரூம், இது வருகிறவர்களுக்கு ரூம், இது சாமி ரூம். கோட்டுக்கு உள்ளே கோழி வந்தபோது வாசல் வழியா வாங்க என்று அதட்டி பாப்பாவைச் சிரிக்க வைத்தாள். அப்போதுதான் நங்கையா வெட்டுத்துணியைக் கொட்ட வெளியே வந்தார். நின்றார். கோட்டை மிதிக்காமல், ஒவ்வொரு ரூமாக, வெளியிலேயே சுற்றி வந்தார். முன்பக்கம் தெருவைப் பார்த்த பெரிய சதுரத்துக்கிட்டே வந்து இது என்ன மேகலா என்றார். அது காரு நிறுத்தறதுக்குங்க என்றாள் இவள். ஓ என்றார். துணியைக் கொட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கோடு போட்ட அடுப்படியிலேயே நின்று கை வீசிக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஓவை அப்போது கேட்கக் காது இல்லை. ராத்திரிச் சாப்பாட்டில் நங்கையா ஒரு தோசையோடு எழுந்தபோதும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, தெரிந்ததும் காலில் கயிறு நின்றுவிடுகிறது, தூளி தானே இரண்டு தரம் ஆடி ஓய்கிறது. ஹால் இருக்கிறது. வராத விருந்தாளிக்கு ரூம் இருக்கிறது. இல்லாத காருக்கு இடம் இருக்கிறது. வீட்டுக்காரரிடம் இருப்பது ஒரு டிவிஎஸ், அதற்கு வேப்பமரத்தடி போதும். இத்தனை வருஷமாக இதே வீட்டில் இருக்கிற மனுஷிக்கு அந்தக் கோட்டுக்குள் எங்கே இடம்? அக்கா ஹால்ல படுத்துக்கும் என்று இவர் ஒரு தரம் சொன்னது ஞாபகம் இருக்கிறது. சோபாவும் டிவியும் போட்ட ஹாலில், வருகிற போகிறவர்கள் முன்னால், மிஷினை எங்கே போடுவார், நூலை எங்கே தொங்கவிடுவார், எந்த ஜன்னலில் ஊசியைத் தூக்கிப் பிடிப்பார்? பழைய வீட்டில் இந்தக் கேள்வியே வரவில்லை. ஆசாரம் யாருக்கும் சொந்தமில்லை என்பதால் அவருக்குச் சொந்தமாக இருந்தது. அவருக்கென்று ஒரு ரூம் இல்லை என்பதே யாருக்கும் தெரியாமல் இருந்தது. அட மேகலா, நீதானே கோடு போட்டாய். உன் கையால்தானே அந்தப் பெரிய சதுரத்தைப் போட்டு, காருங்க என்று வாயாலும் சொன்னாய். நங்கையா இந்த மண் சுவருக்காகவா நின்றார். கரையான் தின்ற பனங்கைக்காகவா நின்றார். அவருக்குத் தெரியாதா ஓடு விழுகிறது என்று. அந்தச் சம்படத்தைத் தட்டி நேராக்கிக் கொடுத்தவரே அவர்தானே. கூச்சப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவளுக்கு உடம்பு லேசாகிக்கொண்டே வருகிறது. தலைச்சுமையை யாரோ பின்னாலிருந்து தூக்கி இறக்கிவிட்ட மாதிரி கழுத்தெல்லாம் விடுபடுகிறது. இடிக்கிறதா வைக்கிறதா என்பதில்லை விஷயம், அதை எப்போதோ மயில் முடிவு பண்ணிவிட்டது. கயிறு ஆடாததைக்கூடக் கவனிக்காமல் பாப்பாவின் ஒற்றைக் கண் மூடியிருக்கிறது. எப்போது தூங்கிற்று? முறத்தை ஓசையில்லாமல் இறக்கி வைக்கிறாள். அடுப்பை அணைக்கிறாள். போன் அடிக்க ஆரம்பித்ததும் சட்டென்று அதை வாயடைத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கோலப் பொடி டப்பாவோடு ஆசாரத்தைக் கடந்து வெளியே போகிறாள். நங்கையா ஒரு பச்சை ஜாக்கெட்டின் கையை மடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிறார். கொஞ்சம் வெளிய வாங்க நங்கையா, ஒரு நிமிசம் என்று மட்டும் சொல்கிறாள்.

களத்தில் கோடெல்லாம் கோழி கிளறினது போக மீதி இருக்கிறது. கார் நிறுத்த என்று போட்ட பெரிய சதுரத்துக்குள் போய் நிற்கிறாள். தெருப் பக்கத்துக் கோட்டை ஓரிடத்தில் அழித்துக் கதவு விடுகிறாள், கதவுக்குப் பக்கத்தில் அகலமாக ஒரு ஜன்னல் போடுகிறாள். நங்கையா கோட்டுக்கு வெளியிலேயே நிற்கிறார். காதோரத் தலைமயிரில் ஊசி செருகியபடி, கையில் அந்தப் பச்சைத் துணி.

"இதுதானுங்க உங்க ரூமு. உள்ள வாங்க."

"காரு?"

"வாங்கும்போது பாத்துக்கலாமுங்க. வேப்பமரம் எங்கயும் போயிராது."

நங்கையா துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்து விரலில் சுற்றிக்கொள்கிறார். சுற்றி முடித்துவிட்டுச் செருப்பைக் கழற்றுகிறார். வெறும் கோலப் பொடிக் கோட்டுக்குள் வருவதற்குச் செருப்பைக் கழற்றுகிற அந்தக் காரியத்தைப் பார்த்ததும் மேகலா முகத்தைத் திருப்பிக்கொண்டு தென்னந்தோப்பைப் பார்க்கிறாள். போட்ட கதவு வழியாகத்தான் வருகிறார். நடுவில் நிற்கிறார். வெயில் எந்தப் பக்கம் என்று பார்க்கிறார்.

"அன்னைக்கு அம்மன்கிட்ட நான் வீட்டைப் பத்தியே கேக்கல மேகலா. நான் இங்கயே இருக்கலாமான்னுதான் கேட்டேன். வெள்ள வந்துச்சா, அப்ப வீடும் இருக்கும்னு நெனச்சுட்டேன்." அப்புறம் வழக்கமான குரலில், "இத நீ முன்னாலயே கேட்டிருந்தா அம்மனுக்கும் வேலை மிச்சம், பன்னும் மிச்சம்" என்கிறார்.

இடுப்பில் போன் திரும்பவும் துடிக்கிறது. எடுக்கிறாள். எதிர்முனையில் ஜேசிபியின் கீங் கீங்கும் தண்டபாணியின் அவசரமும் சேர்ந்து வருகின்றன. கடையை விட்டுவிட்டு கோயில் வீதிக்கே வந்துவிட்டிருக்கிறார் மனுஷன். வரச் சொல்லுங்க, வந்து பார்த்து நாள் குறிக்கட்டும், ஆனால் படத்தைத் திருப்பிப் போடச் சொல்லணும், காருக்கு இடமில்லை என்கிறாள்.

"எந்தக் காருக்கு?"

"அதத்தானுங்க நானும் கேக்கறேன்."

 அக்கா என்ன சொல்லுச்சு என்று கேட்கிறார், குரல் இறங்கியிருக்கிறது. அக்கா ரூமுக்குள்ள நிக்கறாங்க, வந்து பாருங்க என்கிறாள் மேகலா. அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. விளங்காவிட்டாலும் சரி சரி என்கிறார், அக்காவுக்குச் சரின்னா எனக்கென்ன என்கிறார், அந்தச் சரியில் அவருக்கும் ஏதோ இறங்கின மாதிரி இருக்கிறது. இதுவரைக்கும் கூரையில் கிடந்த கல்லெல்லாம் ஒவ்வொன்றாக யாரோ எடுத்துக் கீழே வைக்கிற மாதிரி மேகலாவுக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது. உள்ளே தூளி ஆடவில்லை, பாப்பா அழவில்லை. தூங்கட்டும்.

போனை அவள் இன்னும் வைக்கவில்லை. நங்கையா ஜன்னல் கோட்டுக்கு எதிரே தரையில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, கற்பனையில் மிஷினை இழுத்துப் போட்டு, வலது பக்கம் ஒரு தரம் கை நீட்டிப் பார்க்கிறார், இல்லை என்று தலையாட்டிக்கொண்டு இடது பக்கம் நீட்டுகிறார். கை நின்ற இடத்தில் தரையில் விரலால் ஒரு புள்ளி வைக்கிறார். வைத்துவிட்டு, தம்பிக்குச் சொல்லி அனுப்பும்போது எப்போதும் பார்க்கிற ரசத்தைத் தேடாமல், நேராக அவள் முகத்தைப் பார்க்கிறார்.

"மிஷினுக்கு மோட்டார் மாட்டிக்கலாம்னு இருக்கறேன். சுச்சு போர்டை இந்தக் கைப் பக்கமா வெக்கச் சொல்லு மேகலா, எட்டற மாதிரி."